ஒரு கையெழுத்துக்காக 49 ஆண்டு காத்திருந்த செவ்விந்தியர்!

2025-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலம். அங்குள்ள கோல்மன் ஜெயிலின் கதவு திறந்தது. ஒரு கார் வெளியே வந்தது. அதற்குள் 80 வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார்.

ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. இதயத்தில் இருந்து வரும் பெரிய ரத்தக் குழாயில் வீக்கம். கொரோனாவும் வந்து போயிருந்தது.

அவர் பெயர் லெனர்ட் பெல்டியர். போலீசார் அவரைப் பிடித்தபோது அவருக்கு வயது 31. தேதி 1976 பிப்ரவரி 6. கணக்குப் போட்டுப் பாருங்கள். 49 ஆண்டும் 12 நாளும்!

கோர்ட்டு விடுதலை செய்து அவர் வெளியே வரவில்லை. ஜனாதிபதி மன்னித்தார் என்று சொல்லவும் முடியாது. ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து விழுந்தது. அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தை வாங்க உலகம் முழுவதும் இருந்து மனுக்கள் போயின. மைல் கணக்கில் ஜனங்கள் நடந்தார்கள். அதைத் தடுக்க போலீஸ் அதிகாரிகளே ஊர்வலம் போன கூத்தும் நடந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நம் பெயரைச் சுமந்தவர்கள்

அமெரிக்காவின் பூர்வகுடி மக்களை நாம் செவ்விந்தியர் என்கிறோம். இந்தியாவைத் தேடிக் கப்பல் ஏறிய கொலம்பஸ், போய்ச் சேர்ந்த இடத்தை இந்தியா என்று நினைத்து வைத்த பெயர் அது. ஆள் மாறிப் போன பெயர் என்றாலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டிக்கொண்டு விட்டது.

அவர்களிடம் இருந்து நிலம் பறிபோன விதம் ஒரு தனிக் கதை. ஓர் உதாரணம் போதும். 1868-ல் சியூ என்ற இனத்தாரோடு அமெரிக்க சர்க்கார் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. கருமலைகள் எனப்படும் பிளாக் ஹில்ஸ் உங்களுக்கே என்றது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877-ல் மலைகளை சர்க்காரே எடுத்துக் கொண்டது.

அது தவறு, நஷ்டஈடு கொடு என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல 1980 வரை ஆயிற்று. தொகை 10 கோடி டாலருக்கும் மேல். சியூ மக்கள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் மலை விற்பனைக்கு இல்லை என்றார்கள். வட்டியோடு சேர்ந்து அந்தப் பணம் 100 கோடி டாலரைத் தாண்டிய பிறகும் அவர்கள் அதைத் தொடவில்லை. அந்த ஜனங்களோ அமெரிக்காவிலேயே மிக ஏழைகள்!

பெல்டியர் 1944 செப்டம்பர் 12-ந் தேதி வடக்கு டகோட்டா மாநிலத்தில் பிறந்தவர். பாட்டன், பாட்டியிடம் வளர்ந்தார். ஒன்பது வயதில் வாப்பெட்டன் என்ற ஊரில் உள்ள சர்க்கார் உறைவிடப் பள்ளியில் கொண்டு போய் விட்டார்கள். போனவுடன் தலைமுடியைக் கத்தரித்தார்கள். உடம்பெங்கும் டி.டி.டி. பொடியைத் தூவினார்கள். தாய்மொழியில் பேசக்கூடாது என்பது அந்தக் காலத்தில் இத்தகைய பள்ளிகளின் சட்டம். பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகள் தமிழ் படிக்க நாம் படும் பாடு தெரியும். அங்கே சொந்த மண்ணிலேயே அந்தக் கதி.

துப்பாக்கிச் சண்டை

1968-ல் மினியாபொலிஸ் நகரில் அமெரிக்க இந்தியர் இயக்கம் தொடங்கப்பட்டது. நகரத்துக்குப் பிழைக்க வந்த செவ்விந்திய வாலிபர்களை போலீசார் அடித்து நொறுக்குவதைத் தட்டிக் கேட்கப் பிறந்த இயக்கம் அது. பெல்டியர் அதில் சேர்ந்தார்.

1973-ல் இயக்கத்தார் தெற்கு டகோட்டாவில் ஊண்டட் நீ என்ற கிராமத்தைக் கைப்பற்றி 71 நாள் அமர்ந்தார்கள். 1890-ல் செவ்விந்தியர்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் ராணுவம் சுட்டுத் தள்ளிய அதே கிராமம். அந்த 71 நாள் முடிந்த பிறகுதான் உண்மையான பயங்கரம் தொடங்கியது. அந்த வட்டாரத்துக்கு பைன் ரிட்ஜ் என்று பெயர். செவ்விந்தியர்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட பகுதி. அங்கே அதிகாரத்தில் இருந்த கோஷ்டிக்கும் இயக்கத்தாருக்கும் தீராப் பகை. அடுத்த மூன்று ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது இயக்கத்தார் சொல்லும் கணக்கு. தங்களைக் காக்க வரும்படி கிராமத்துப் பெரியவர்கள் அழைத்ததன் பேரில் இயக்கத்து வாலிபர்கள் அங்கே முகாம் போட்டார்கள். பெல்டியரும் போனார்.

1975 ஜூன் 26-ந் தேதி. மத்திய துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.யின் அதிகாரிகள் இருவர், ஜாக் கோலர், ரொனால்ட் வில்லியம்ஸ், தனித்தனிக் காரில் அந்தப் பண்ணைக்குள் வந்தார்கள். கவ்பாய் பூட்ஸ் திருட்டு சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரு வாலிபனைத் தேடி வந்தவர்கள். அங்கே துப்பாக்கிச் சண்டை மூண்டது. முதலில் சுட்டது யார் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு சொல்கின்றன. காயப்பட்டுக் கிடந்த அதிகாரிகள் இருவரையும் யாரோ கிட்டத்தில் வந்து சுட்டுக் கொன்றார்கள். அதே நாளில் ஜோ ஸ்டன்ட்ஸ் என்ற செவ்விந்திய வாலிபரும் குண்டு பட்டு இறந்தார்.

இதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. இறந்த அதிகாரிகளில் ஒருவருக்கு வயது 28, மற்றவருக்கு 27. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. கொன்றது யாராக இருந்தாலும் அது கொலைதான். கேள்வி ஒன்றே ஒன்று: கொன்றவர் பெல்டியரா?

சண்டை நடந்த இடத்தில் இருந்ததையும் தூரத்தில் இருந்து சுட்டதையும் பெல்டியர் மறுக்கவில்லை. கிட்டத்தில் போய்க் கொன்றது நான் அல்ல என்பதுதான் அவர் கடைசி வரை சொன்னது.

இரண்டு கோர்ட்டு, இரண்டு நியாயம்

நால்வர் மீது வழக்கு. முதலில் டினோ பட்லர், பாப் ராபிடோ இருவரையும் அயோவா மாநிலத்தில் விசாரித்தார்கள். அந்த வட்டாரத்தில் ஜனங்கள் எப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல அந்த நீதிபதி அனுமதித்தார். அது தற்காப்பு என்று ஜூரிகள் நம்பினார்கள். 1976 ஜூலையில் இருவரும் விடுதலை!

உடனே மூன்றாவது ஆள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஏன்? எப்.பி.ஐ.யின் ஓர் அலுவலகக் குறிப்பே காரணத்தைச் சொல்கிறது. வழக்கின் முழு பலத்தையும் பெல்டியர் மீது திருப்ப வேண்டுமாம்! ஆபீசில் பைல் எழுதிப் பழகியவர்களுக்குப் புரியும். இப்படிப்பட்ட வரியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பைலில் எழுதி வைத்து விடுவார்கள்.

பெல்டியர் அப்போது கனடாவில் பிடிபட்டு இருந்தார். அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவர சாட்சியம் வேண்டும். மிர்ட்டில் பூர் பேர் என்ற பெண்ணின் பிரமாண வாக்குமூலம் கனடா கோர்ட்டுக்குப் போயிற்று. நான் பெல்டியரின் காதலி, அவர் சுட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றது அது.

அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலங்கள் மொத்தம் மூன்று. முதலாவதில், சண்டை நடந்தபோது நான் அங்கே இல்லை என்று இருந்தது. அதைக் கனடாவுக்கு அனுப்பவில்லை. மற்ற இரண்டும்தான் போயின. பின்னால் அந்தப் பெண், பெல்டியரை எனக்குத் தெரியவே தெரியாது, மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொன்னார். ஆனால் அதற்குள் பெல்டியர் கைமாறி விட்டார். அந்தக் காலத்தில் கனடாவின் மந்திரிகளில் ஒருவராக இருந்த வாரன் ஆல்மண்ட், எங்களை ஏமாற்றி விட்டார்கள் என்று பிற்காலத்தில் பெல்டியருக்காகவே பிரசாரம் செய்தார்.

1977-ல் வடக்கு டகோட்டாவில் பார்கோ நகரில் விசாரணை. இங்கே நீதிபதி வேறு. முந்தைய வழக்கில் ஜூரிகளுக்குச் சொல்லப்பட்ட விவரங்களில் பலவற்றை இங்கே சொல்ல விடவில்லை. ஜூரிகள் அனைவரும் வெள்ளையர்கள். ஏப்ரல் 18-ந் தேதி குற்றவாளி என்றார்கள். தண்டனை இரண்டு ஆயுள். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று.

பைலுக்குள் இருந்த தந்தி

நம் நாட்டில் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது அல்லவா? அமெரிக்காவில் அது போன்ற சட்டம் 1966-லேயே வந்து விட்டது. பெல்டியரின் வக்கீல்கள் அதைக் கொண்டு எப்.பி.ஐ. பைல்களைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தன. அவற்றுக்குள் 1975 அக்டோபர் 2-ந் தேதியிட்ட ஒரு டெலிபிரிண்டர் செய்தி இருந்தது.

பெல்டியருடையது என்று சொல்லப்பட்ட துப்பாக்கியின் ஊசியும், சம்பவ இடத்தில் கிடைத்த தோட்டா உறையில் இருந்த தடமும் பொருந்தவில்லை என்பது அந்தச் செய்தி. வழக்கு நடந்தபோது இது எதிர்த் தரப்பு வக்கீல் கைக்குப் போகவே இல்லை. அது வேறு உறைகளைப் பற்றியது, முக்கியமான உறையைப் பற்றியது அல்ல என்று சர்க்கார் தரப்பு பிறகு விளக்கம் சொன்னது.

1986-ல் மேல் கோர்ட்டு இதை விசாரித்தது. ஜூரிகள் இதைப் பார்த்திருந்தால் விடுதலை செய்திருக்கக்கூடும் என்று அதுவும் ஒப்புக்கொண்டது. ஆனால், கூடும் என்பது மட்டும் போதாது, விடுதலை செய்திருப்பார்கள் என்பதற்கே அதிக வாய்ப்பு என்று தெரிய வேண்டும், சட்டம் அப்படித்தான் கேட்கிறது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது. ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் இடையில் ஒரு மனிதனின் ஆயுள் போயிற்று!

அதிகாரிகளைச் சுட்டது யார் என்று எங்களால் நிரூபிக்க முடியாது என்று சர்க்கார் வக்கீலே அந்த மேல் கோர்ட்டில் சொன்னார். அப்படியானால் தண்டனை எதற்கு? கொலைக்கு உடந்தை என்ற வகையில் அது நிற்கும் என்றார்கள். உடந்தை சரி, யாருக்கு உடந்தை? மற்ற இருவரும்தான் விடுதலை ஆகி விட்டார்களே!

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜெரால்ட் ஹீனிக்கு மனசு கேட்கவில்லை போலும். 1991-ல் அவர் செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நடந்ததில் சர்க்காருக்கும் பங்கு உண்டு, பெல்டியருக்குக் கருணை காட்டுவது நல்லது என்று அதில் தெரிவித்தார். தீர்ப்பு சொன்ன நீதிபதியே மனுதாரருக்காகப் பரிந்து எழுதுவதை எங்காவது கேட்டதுண்டா?

நடந்தார்கள், எழுதினார்கள்

கோர்ட்டுக் கதவு மூடியதும் மிச்சம் இருந்தது ஜனாதிபதியின் கதவுதான். மத்திய சட்டப்படி தண்டனை பெற்றவரின் தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ அமெரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. யாரையும் கேட்க வேண்டியது இல்லை. ஒரு கையெழுத்து போதும்.

அதற்காகத்தான் இத்தனை பாடும். 1983-ல் பீட்டர் மாத்தீசன் என்ற எழுத்தாளர் இந்த வழக்கைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். தெற்கு டகோட்டா கவர்னரும் ஒரு எப்.பி.ஐ. அதிகாரியும் மான நஷ்ட வழக்குப் போட்டார்கள். எட்டு ஆண்டு அந்தப் புத்தகம் மறுபதிப்பு காணவில்லை. வழக்குகள் தோற்ற பிறகு 1991-ல்தான் மீண்டும் கடைக்கு வந்தது. 1992-ல் ஒரு டாக்குமெண்டரி படம் வெளியாயிற்று. அதற்குக் குரல் கொடுத்தவர் பிரபல நடிகர் ராபர்ட் ரெட்போர்ட்.

1994-ல் சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள அல்கட்ராஸ் தீவில் இருந்து ஒரு நடைப்பயணம் தொடங்கியது. தேசத்தின் ஒரு கடற்கரையில் இருந்து தலைநகர் வாஷிங்டன் வரை, சுமார் ஐந்து மாதம். வழி நெடுகப் பெல்டியரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார்கள். நெல்சன் மண்டேலா, தலாய் லாமா, நம் கல்கத்தாவின் அன்னை தெரசா என்று ஆதரவுக் குரல்கள் சேர்ந்தன. ஆம்னஸ்டி சபை உலகெங்கும் கடிதம் எழுத வைத்தது. முன்பின் பார்த்திராத ஒரு கைதிக்காக, வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில்!

பெல்டியர் உள்ளே இருந்தபடி ஓவியம் தீட்டினார். பார்வை மங்கும் வரை தீட்டினார். 1999-ல் அவருடைய ஜெயில் எழுத்துக்கள் புத்தகமாக வந்தன. இடையில் 1979-ல் ஜெயிலில் இருந்து தப்பி ஓடி, சில நாளில் பிடிபட்டதும் உண்டு. என்னைக் கொல்லச் சதி நடந்தது, அதனால்தான் ஓடினேன் என்றார். அந்த ஓட்டம் பின்னால் அவருக்கு எதிராகவே பயன்பட்டது.

அதிகாரிகளின் ஊர்வலம்

2000-ம் ஆண்டு. கிளிண்டன் பதவியை விட்டுப் போகும் நேரம். பெல்டியர் மனுவைப் பரிசீலிப்பேன் என்று சொல்லியிருந்தார். ஆதரவாளர்கள் நாளை எண்ணினார்கள்.

டிசம்பரில் வெள்ளை மாளிகை முன்னால் ஓர் ஊர்வலம் வந்தது. கொடி பிடித்து வந்தவர்கள் மாணவர்களா? தொழிலாளர்களா? இல்லை. எப்.பி.ஐ. அதிகாரிகள்! வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக சுமார் 500 பேர். பெல்டியரை விடாதே என்பது கோரிக்கை.

தங்கள் சகாக்களை இழந்தவர்களின் கோபம் அது என்றால் அதைப் புரிந்து கொள்ளலாம். ஆனால் வழக்கைப் புலனாய்வு செய்த இலாகாவே, கைதியை விடக்கூடாது என்று வீதிக்கு வருவது எந்த ஜனநாயகத்தில் முறை?

2001 ஜனவரி 20-ந் தேதி, தன் கடைசி நாளில், கிளிண்டன் கட்டுக்கட்டாக மன்னிப்புக் கையெழுத்துப் போட்டார். வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி வெளிநாட்டுக்கு ஓடிப்போன கோடீஸ்வரர் மார்க் ரிச் பெயர் அதில் இருந்தது. பெல்டியர் பெயர் இல்லை. 2017-ல் ஒபாமாவும் மறுத்தார்.

மன்னிப்பு கிடக்கட்டும், பரோலாவது கிடைத்ததா? 1993-ல் மறுத்தார்கள். 2009-ல் மறுத்து, அடுத்த முழு விசாரணை 15 ஆண்டு கழித்து என்றார்கள். அந்த 15 ஆண்டும் கழிந்தது. 2024 ஜூலையில் மறுபடியும் இல்லை என்று பதில். அடுத்த முழு விசாரணை எப்போது தெரியுமா? 2039-ல்! அப்போது அவருக்கு வயது 94 ஆகியிருக்கும். இந்தத் தேதியை எழுதியவர் எந்த முகத்தோடு எழுதினாரோ!

எதிராளியே எழுதிய கடிதம்

இந்த நீண்ட கதையில் எமக்கு மிகப் பெரிதாகப் படுவது வேறு ஒரு கடிதம். ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்பவர் எழுதியது. பெல்டியரின் மேல்முறையீட்டை எதிர்த்து நடத்திய சர்க்கார் வக்கீல் அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் அவர். 2017-ல் ஒபாமாவுக்கும், பிறகு 2021-ல் பைடனுக்கும் எழுதினார். பெல்டியர் தாமே எந்தக் குற்றத்தையும் செய்தார் என்பதை எங்களால் நிரூபிக்க முடியவில்லை, அவரை இத்தனை காலம் அடைத்து வைத்தது அநியாயம் என்று பச்சையாகவே எழுதி விட்டார்.

செய்த தவறைப் பதவியில் இருக்கும்போது ஒப்புக்கொள்வது அரிது. ஓய்வு பெற்ற பிறகாவது கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? நூறு பிரமுகர்கள் போட்ட கையெழுத்தைவிட அந்த ஒரு கையெழுத்துக்கு எடை அதிகம்.

2022-ல் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு, பெல்டியரை அடைத்து வைத்திருப்பது நியாயமற்றது என்று அபிப்பிராயம் சொன்னது. பைடன் மந்திரிசபையில் உள்துறை இலாகாவை வகித்த டெப் ஹாலண்ட், அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதல் பூர்வகுடிப் பெண். அவரும் பெல்டியருக்காகப் பேசினார். என்.டி.என். கலெக்டிவ் என்ற பூர்வகுடியினர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள், பெல்டியர் ஜெயிலுக்குப் போனபோது பிறந்தே இராதவர்கள், பிரசாரத்தைக் கையில் எடுத்துக் கொண்டார்கள்.

மறுபக்கம், எப்.பி.ஐ.யின் அப்போதைய தலைவர் கிறிஸ்டோபர் ரே, 2025 ஜனவரியிலும் ஜனாதிபதிக்கு எழுதி, விடக்கூடாது என்றார்.

ஜனவரி 20. நண்பகலில் டிரம்ப் பதவி ஏற்கப் போகிறார். பைடனின் பதவிக்காலம் முடிய சில நிமிடங்களே இருந்தன. அப்போதுதான் அறிவிப்பு வந்தது. பெல்டியர் மீதித் தண்டனையை வீட்டுக் காவலில் கழிக்கலாம்!

வீடு

கவனிக்க வேண்டும். அது மன்னிப்பு அல்ல. நிரபராதி என்ற சான்றும் அல்ல. ஜெயில் மாறி வீடு ஆயிற்று. காகிதத்தில் அந்த இரண்டு ஆயுள் தண்டனைகளும் அப்படியே இருக்கின்றன.

விடுதலையான மறுநாள், வடக்கு டகோட்டாவில் அவர் வளர்ந்த ஆமைமலைப் பகுதியில், பெல்கோர்ட் என்ற ஊரில் ஜனங்கள் கூடி வரவேற்றார்கள். பனி கொட்டும் காலம். அவரை இளைஞராகப் பார்த்த கிழவர்கள் சிலர். படத்தில் மட்டுமே பார்த்த பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் பலர். அந்த ஊரிலேயே அவருக்கு ஒரு வீட்டை என்.டி.என். கலெக்டிவ் ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

ஒன்பது வயதில் உறைவிடப் பள்ளிக்கு ஏற்றிப் போன நாளில் இருந்து பார்த்தால், 71 ஆண்டில் எப்போதோ சில காலம் தவிர அவர் சொந்த மண்ணில் நிம்மதியாகக் குடியிருந்தது இல்லை.

இறந்துபோன அதிகாரிகளின் தரப்பார் இந்த முடிவை ஏற்கவில்லை. பெல்டியர் தரப்பாரோ, வீட்டுக் காவல் போதாது, முழு மன்னிப்பு வேண்டும் என்றார்கள். கோலரையும் வில்லியம்சையும் கிட்டத்தில் நின்று சுட்ட கை யாருடையது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதே நாளில் செத்து விழுந்த ஜோ ஸ்டன்ட்ஸ் விஷயத்தில், இதுவரை ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.